சராசரி என்ற சொல்லுக்குள் இரண்டு தலைகள்

காரைக்குடியில் எந்தக் கடைக் கணக்குப்பிள்ளையும் ‘சராசரி’ என்ற சொல் இல்லாமல் மாதக் கணக்கை முடிப்பதில்லை. “சராசரியா நாளைக்கு இவ்வளவு ஓடுது” என்று சொல்லித்தான் பேரேட்டை மூடுவார். நாம் பிறவித் தமிழ்ச் சொல்லாகவே நினைத்துப் புழங்கும் இது பாரசீகத்தில் பிறந்து, உருது வழியாக நம் கணக்கு வழக்குக்குள் வந்தது. பாரசீகத்தில் ‘சர்’ என்றால் தலை. சர்-ஆ-சர்: ஒரு தலை, நடுவில் ஓர் ஆகாரம், மறுபடி ஒரு தலை. இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை, அதாவது முழுவதும். முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்கு எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு என்று கணக்கு விரிந்தபோது ‘சராசரி’யின் இன்றைய பொருள் அமைந்தது.

‘சராசரம்’ என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வடமொழி. சரம் என்றால் அசைவது, அசரம் என்றால் அசையாதது. இரண்டும் சேர்ந்து உலகத்து உயிர்ப்பொருள், உயிரில்பொருள் எல்லாவற்றையும் குறிக்கும். எழுத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு போல இருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. ஒன்றில் ஒரே சொல் இரட்டித்திருக்கிறது, மற்றதில் ஒரு சொல்லும் அதன் மறுப்பும் சேர்ந்திருக்கின்றன.

சொல்லை இரட்டிப்பது அழுத்தம் கொடுப்பதற்காக மட்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே மனதில் பதிந்துவிடுகிறது. அது பாதிகூட உண்மையில்லை. இரட்டிப்பது ஒரு சொற்பட்டறை. எதை இரட்டிக்கிறோம், நடுவில் எதை வைக்கிறோம், இரண்டாவது பாதியில் எந்த எழுத்தை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து முற்றிலும் வேறான பொருள்கள் பிறக்கின்றன. தமிழும் பாரசீகமும் வெவ்வேறு மொழிக் குடும்பம். ஆனாலும் இந்தப் பட்டறையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே கருவிகளை வைத்திருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நம் வீட்டு அடுப்படியில் புழங்கும் சொற்களின் இலக்கணம் கண்ணுக்குத் தெரிகிறது.

பாரசீகத்தின் ‘ஆ’ அச்சில் வார்த்த சொற்கள் இன்னும் பல. ‘ரங்’ நிறம், ரங்காரங் பலநிறமானது. ‘கூன்’ வகை, கூனாகூன் பலவகையானது. ‘தூஷ்’ தோள், தூஷாதூஷ் தோளோடு தோள். ‘பர்’ மார்பு, பராபர் மார்புக்கு மார்பு நேராக நிற்பது, அதனால் சமம். இந்திக்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் ‘பராபர்’ இதுதான். எனக்கு மிகவும் பிடித்தது லபாலப். ‘லப்’ என்றால் உதடு. பாத்திரத்தின் ஓர் உதட்டிலிருந்து மறு உதடு வரை நிறைந்திருப்பது லபாலப். இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? பந்தியில் பாயசம் ஊற்றும்போது ‘தளும்பத் தளும்ப’ என்கிறோம். பாரசீகம் உதட்டை இரட்டித்தது, தமிழ் தளும்புதலை இரட்டித்தது. ஒன்று பாத்திரத்தைப் பார்க்கிறது, மற்றொன்று உள்ளே இருப்பதைப் பார்க்கிறது.

இந்த ‘ஆ’ அச்சில் இன்று நினைத்த சொல்லையெல்லாம் போட்டு வார்க்க முடியாது. வழிவழியாக வந்த சொற்களே புழங்குகின்றன. தாராளமாகப் புதுச்சொல் வார்க்கும் அச்சு வேறு. அது நடுவில் ‘பெ’ என்ற முன்னிடைச்சொல்லை வைப்பது. தமிழில் அந்த வேலையை நான்காம் வேற்றுமை உருபு செய்கிறது. ரூ-பெ-ரூ என்றால் முகத்துக்கு முகம், நம் ‘நேருக்கு நேர்’. சால்-பெ-சால், ஆண்டுக்கு ஆண்டு. கானே-பெ-கானே, வீட்டுக்கு வீடு.

இந்தக் கடைசிச் சொல்லில் தமிழுக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘வீடு வீடாக’, ‘வீட்டுக்கு வீடு’ இரண்டும் ஒன்றல்ல. செட்டிநாட்டில் கல்யாணத்துக்கு அழைக்க வீடு வீடாகப் போவார்கள். ரசத்தின் ருசி வீட்டுக்கு வீடு மாறும். முதலாவது ஒன்றை முடித்து அடுத்தது என்று வரிசையாகச் செல்லும் செயல். இரண்டாவது ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இருக்கும் நிலை, பெரும்பாலும் வேறுபாட்டோடு. “வீட்டுக்கு வீடு போய் அழைத்தார்கள்” என்று எழுதினால் புரியும், ஆனால் காதில் இடறும். “வீடு வீடாக ருசி மாறும்” என்றால் ருசியே நடந்து போவது போலத் தோன்றும். ஊர் ஊராக, ஊருக்கு ஊர். நாள் நாளாக, நாளுக்கு நாள். எல்லா இணைகளிலும் இந்தப் பிளவு உண்டு. இரட்டிப்பதில் தவறு நேர்வது பெரும்பாலும் இப்படி ஓர் அச்சுக்குரியதை மற்றொன்றில் ஊற்றுவதால்தான்.

இனி வினைச்சொல். பாரசீகத்தில் ‘ரஃப்தே’ என்றால் போன, போய்விட்ட. ரஃப்தே ரஃப்தே என்று இரட்டித்தால் ‘படிப்படியாக, காலப்போக்கில்’. நாம் ‘போகப் போக’ என்கிறோம். “போகப் போகப் பழகிடும்.” இரண்டு மொழியும் போதல் வினையையே எடுத்து, அதை இரட்டித்து, கால நகர்வைச் சொல்கின்றன. ‘சிறுகச் சிறுக’ என்பதற்கு அங்கே ஸர்ரே ஸர்ரே. ஸர்ரே என்றால் துகள். சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு அவர்கள் பழமொழியும் துளியை இரட்டித்தே தொடங்குகிறது: கத்ரே கத்ரே, துளித் துளியாகச் சேர்ந்து பிறகு கடலாகும் என்று.

தமிழ் வினையெச்ச இரட்டிப்பில் இரண்டு வகை இருக்கிறது. இதைச் செட்டிநாட்டு இனிப்பான கும்மாயம் கிண்டும் சட்டியை வைத்தே பார்க்கலாம். உளுந்தும் பாசிப்பருப்பும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்துத் திரித்த மாவு, வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து வடிகட்டிய தண்ணீர், நெய். அடுப்பில் ஏற்றிய பிறகு கை நிற்கக் கூடாது. “கிண்டக் கிண்ட நெய் பிரிஞ்சு வரும்” என்பார் ஆச்சி. “கிண்டிக் கிண்டி இறக்குனேன்” என்றும் சொல்வார். முதல் வாக்கியத்தில் கிண்டுவது ஆள், பிரிவது நெய். இரண்டு எழுவாய். ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் இதைத் தாங்கும். இரண்டாவதில் கிண்டியவரும் இறக்கியவரும் ஒருவரே. ‘செய்து’ வாய்பாட்டு எச்சம் பொதுவாக ஒரே எழுவாயைக் கேட்கும். அதனால் “கிண்டிக் கிண்டி நெய் பிரிந்து வரும்” என்று சமையல் குறிப்பில் எழுதினால், நெய்யே கிண்டியது போல ஆகிவிடும். சமையல் குறிப்புகளில் இந்தப் பிழை நிறைய. இன்னொரு வேறுபாடும் உண்டு: ‘கிண்டக் கிண்ட’ என்பதில் கிண்டலும் பிரிதலும் ஒன்றாக வளர்கின்றன. ‘கிண்டிக் கிண்டி’ என்பதில் கிண்டல் பல முறை நடந்து முடிந்தபின் அடுத்த வேலை.

எண்களை இரட்டிப்பதற்குத் தமிழில் தனி அச்சே இருக்கிறது. பந்தியில் “இலைக்கு இவ்விரண்டு பணியாரம் வை” என்றால் ஒவ்வோர் இலைக்கும் இரண்டு. நன்னூல் இதற்கு விதி சொல்கிறது: முதல் எண்ணில் முதல் எழுத்தை மட்டும் நிறுத்தி மற்றதை விட்டுவிட வேண்டும்; அது நெடிலானால் குறுக வேண்டும்; அடுத்து உயிர் வந்தால் வகரம் மிகும், மெய் வந்தால் வந்த மெய்யே மிகும். இப்படித்தான் ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, அவ்வாறு, எவ்வேழு, எவ்வெட்டு, பப்பத்து எல்லாம் வருகின்றன. 9-க்கு மட்டும் இந்த அச்சு கிடையாது என்று நன்னூலே விலக்கிவிடுகிறது. ஒன்பது ஒன்பது என்று முழுதாகவே சொல்ல வேண்டும்.

பேச்சில் இதில் பாதி தங்கியது, பாதி போய்விட்டது. ஒவ்வொண்ணு, ரெவ்வெண்டு, மும்மூணு, நந்நாலு வரை இன்றும் காதில் விழும். அதற்கு மேல் அஞ்சஞ்சு, ஆறாறு, ஏழேழு, எட்டெட்டு என்று முழுச்சொல் அடுக்கு. காரணம் எனக்குத் தெளிவாகவே படுகிறது. ‘அவ்வாறு’ என்றால் இன்று ‘அப்படி’ என்று பொருள். “அவ்வாறு கொடு” என்றால் ஆறு ஆறாகக் கொடு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘எவ்வேழு’, ‘எவ்வெட்டு’ இரண்டும் ‘எந்த’ என்னும் வினாவோடு மோதுகின்றன. வேறொரு சொல்லோடு மோதும் இடத்தில் அச்சு கைவிடப்படுகிறது. இந்த மோதலைப் பிறகும் பார்ப்போம். பாரசீகத்தில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. எண்ணோடு ‘தா’ என்னும் எண்ணலகைச் சேர்த்து, தோ தா தோ தா, சே தா சே தா என்று முழுதாக அடுக்கிவிடுகிறார்கள்.

இரட்டைக்கிளவிக்கு வருகிறேன். இதில்தான் அதிக நேரம் நிற்க ஆசை.

“இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா” என்று தொல்காப்பியம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது. சலசல என்பதில் ‘சல’ தனியாக நிற்காது. அடுக்குத்தொடர் அப்படியல்ல. “பாம்பு பாம்பு” என்பதில் ஒரு பாம்பை எடுத்துவிட்டாலும் மற்றது பாம்புதான். அடுக்குக்குத் தொல்காப்பியம் வரம்பும் வைத்திருக்கிறது. இசை நிறைக்க வந்தால் நான்கு முறை, விரைவுக்கு வந்தால் மூன்று முறை. “தீ தீ தீ” என்று அலறும்போது நாம் 3-ஐத் தாண்டுவதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இதுவரை எல்லாப் பள்ளி நூலிலும் இருக்கும். அதில் இல்லாதது, இரட்டைக்கிளவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒற்றை வடிவம். படபட, படார். கலகல, கலீர். பளபள, பளீர். குபுகுபு, குபீர். சுருசுரு, சுரீர். தடதட, தடால். இரட்டித்த வடிவம் தொடர்ந்து நடப்பது. ஒற்றை வடிவம் ஒரே வெட்டில் முடிவது. எண்ணெயில் கடுகு படபடவென்று பொரியும். காற்றில் கதவு படாரென்று சாத்தும். மூன்றாவதாக ஒன்று உண்டு: “படார் படாரென்று அடித்துக்கொள்கிறது.” இங்கே தனித்தனி அடிகள், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி. இது இரட்டைக்கிளவி ஆகாது, அடுக்கு. பிரித்தாலும் ஒவ்வொரு ‘படார்’ முழுச்சொல். ஆகவே படபட, படார், படார் படார் என்று ஒரே வேரில் மூன்று கால அளவுகள். ஆட்டுக்கல் சத்தம் கடகட என்று தொடர்ந்து வரும். குண்டான் மூடி கீழே விழுந்தால் டமார் என்று ஒரு தடவை. எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கைக்கொண்டால் வினையடைக்கு வேறு சொல் தேட வேண்டியதே இல்லை.

அடுப்படியில் இரட்டைக்கிளவி அளவுகோலாகவே வேலை செய்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். புட்டு பொலபொலவென்று உதிர வேண்டும். சீப்புச்சீடை மொறுமொறு, கடித்தால் கரகர. வெண்டைக்காய் கொழகொழ, அதிரசப் பாகு பட்ட கை பிசுபிசு. அரிசி சரியாக களையவில்லையென்றால் சோறு நறநற. இங்கே ழகரம் வரும் சொற்கள் இளகியவை, வழுக்குபவை. றகரம் வருபவை சொரசொரத்தவை, உடைபவை. எல்லா இடத்திலும் பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காத ஒரு புதுச் சொல்லைக் கேட்டாலும் காது முதலில் இப்படித்தான் ஊகிக்கும்.

சில சொற்கள் எந்தப் புலனுக்கு என்பதிலும் கறாராக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, நிறக் கலவையை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் இட்டு அழுத்தி வார்க்கிறார்கள். கண்ணாடியில் படிந்த முகம்தான் தரையில் மேல்முகமாக வருகிறது. அதனால் அது கண்ணுக்குப் பளபள, காலுக்கு வழவழ. பளபள கண்ணுக்கு மட்டும், வழவழ தொடுவதற்கு மட்டும். “வழவழவென்று மின்னுகிறது” என்று விளம்பரத்தில் எழுதினால் பிழை. அந்த வீட்டுச் சுவர்களில் இழைத்த சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதே கணக்கு.

சொல்லாக்கத்தில் தமிழ் இங்கே பாரசீகத்தைவிட ஒரு படி சுருக்கமானது. சலசல என்ற ஒரே அடியிலிருந்து சலசலவென்று, சலசலக்கிறது, சலசலத்தது, சலசலப்பு என்று நேராக வினையும் பெயரும் கிளைக்கும். பாரசீகத்திலும் ஒலிச்சொற்கள் ஏராளம். தண்ணீர் கொட்டினால் ஷொர்ஷொர், சருகு மிதிபட்டால் கெஷ்கெஷ், கதவைத் தட்டினால் தக்தக், கொதித்தால் கொல்கொல், குசுகுசுத்தால் பெச்பெச், காகம் கரைந்தால் கார்கார். ஆனால் அவை பொதுவாகத் தாமாக வினையாவதில்லை. ‘கர்தன்’, செய்தல் என்ற வினையைத் துணைக்கு அழைக்க வேண்டும்: பெச்பெச் கர்தன், குசுகுசு செய்தல். பெயராக்க மட்டும் சில சொற்களில் இறுதியில் ஓர் ‘எ’ சேரும். பறவைகளின் பாட்டொலிக்கு அவர்கள் சொல்லும் சஹ்சஹே அப்படி அமைந்தது, நம் கலகலப்பில் ‘ப்பு’ வருவது போல.

எழுதும்போது நேரும் பிழைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரட்டைக்கிளவியைச் சேர்த்து எழுத வேண்டும்: சலசல. இடைவெளி விட்டு ‘சல சல’ என்றால் பிரிந்திசையாததைப் பிரித்துவிட்டோம். அடுக்குத்தொடரை இடைவெளி விட்டு எழுதலாம். இரண்டிலும் வல்லினம் மிகாது என்பது விதி: கலகல, தடதட, பாம்பு பாம்பு. இந்த விதியை மனப்பாடம் செய்தவர்கள் ‘தேடி தேடி’, ‘போக போக’ என்று ஒற்றை விட்டுவிடுகிறார்கள். அது தவறு. எச்சங்கள் அடுக்கும்போது ஒற்று மிகுவதை முடிவு செய்வது அந்த எச்சத்தின் இறுதி: தேடித் தேடி, போகப் போக, படித்துப் படித்து, ஆனால் சென்று சென்று, செய்து செய்து. அதே போலச் செக்கச்செவேல், பச்சைப்பசேல், பட்டப்பகல் இவற்றில் ஒற்று இருப்பதும் சரியே. இவை சொல்லின் தலையை நீட்டி முன்னே ஒட்டும் வேறோர் அச்சு. கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சைக்கு இந்த அச்சு உண்டு. நீலத்துக்கும் ஊதாவுக்கும் இல்லை.

கடைசி அச்சுதான் புலவர்கள் அதிகம் தொடாதது. ஆனால் நாள் முழுக்க நம் வாயில் இருப்பது. “ஆத்தா, வாசல்ல செருப்பு கிருப்பு கெடந்தா எடுத்து ஓரமா வையி.” “மழை கிழை வந்தா வத்தலை அள்ளிரு.” அப்பத்தா இப்படிச் சொல்லும்போது ‘கிழை’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்றுமில்லை. ‘மழை அல்லது அது போல ஏதாவது’ என்று வட்டத்தை அகலமாக்குவதே அதன் வேலை.

விதி எளிது. முதல் எழுத்து குறிலானால் அதை எடுத்துவிட்டு ‘கி’, நெடிலானால் ‘கீ’. மீதி அப்படியே. பணம் கிணம், உப்பு கிப்பு, எண்ணெய் கிண்ணெய், மாடு கீடு, காப்பி கீப்பி, தேங்காய் கீங்காய். ஓரெழுத்துச் சொல்லைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வோம்: பூவு கீவு. வேற்றுமையும் காலமும் ஏறிய பிறகுதான் இரட்டிப்பு நடக்கும்: வீட்டுல கீட்டுல, விழுந்து கிழுந்து, போனா கீனா. அதாவது வேர் இரட்டிக்கவில்லை, முழுதாக உடுத்திக்கொண்ட சொல் இரட்டிக்கிறது. தொடர்களில் இது ஏறாது. ‘வெள்ளைப் பணியாரம் கிள்ளைப் பணியாரம்’ என்று எவரும் சொல்ல மாட்டார். தலைச்சொல்லை மட்டும் எடுத்து ‘பணியாரம் கிணியாரம்’ என்பார்கள்.

தெஹ்ரான் பேச்சுவழக்கில் இதே வேலைக்கு மகரம். கெத்தாப் என்றால் புத்தகம். கெத்தாப் மெத்தாப், புத்தகம் கித்தகம். பச்சே மச்சே, பிள்ளை கிள்ளை. கஸா மஸா, சாப்பாடு கீப்பாடு. துருக்கியரும் மகரம்தான் வைக்கிறார்கள். இந்தியில் வகரம்: சாய் வாய், பானி வானி. கன்னடமும் தெலுங்கும் நம்மைப் போலவே, ஆனால் அங்கே ககரம் ‘g’ என்று ஒலிக்கும். நகரத்தார் கொண்டுவிற்ற மலாய் நாட்டில் ‘சாயுர்’ என்றால் காய்கறி, ‘சாயுர் மாயுர்’ என்றால் பலவகைக் காய்கறி, அங்கும் மகரம். மலாயில் பன்மைக்கே சொல்லை இரட்டிப்பார்கள். ஓராங் மனிதன், ஓராங் ஓராங் மனிதர்கள். 1972 எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை சொல்லை ஒரு தடவை எழுதிப் பக்கத்தில் 2 என்று இலக்கம் போட்டுவிடுவது வழக்கம். கணக்கெழுதும் கைக்கு எவ்வளவு இதமான எழுத்துமுறை!

இனி மோதல். மகரத்திலேயே தொடங்கும் சொல்லுக்குப் பாரசீகர் என்ன செய்வார்கள்? மாஷீன் என்றால் கார். மாஷீன் மாஷீன் என்றால் எதிரொலி காணாமல் போய், வெறும் அடுக்காகிவிடும். அதனால் பகரத்துக்கு மாறுகிறார்கள்: மாஷீன் பாஷீன். துருக்கியர் மாற்றெழுத்துத் தேடாமல் ‘ஃபலான்’ என்று வேறு சொல்லையே போட்டுவிடுகிறார்கள். தமிழுக்கு இந்தச் சிக்கல் கிளி, கிணறு, கீரையில் வருகிறது. ‘கீரை கீரை’ என்றால் கீரைக்காரர் கூவுவது போலிருக்கும். நாம் துருக்கியர் வழியில் போய், ‘கீரை காய்’ என்றோ ‘கீரை அது இது’ என்றோ தப்பித்துக்கொள்கிறோம். இரண்டாவது பாதி முதல் பாதியைப் போலவே இருக்க வேண்டும், ஆனால் அதுவாகவே ஆகிவிடக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு மூன்று மொழியிலும் ஒன்றுதான்.

பொருளில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தமிழ்க் ‘கி’ நடந்து முடிந்த உறுதியான செய்தியில் சரியாக உட்காராது. “மழை கிழை வந்தா”, “மழை கிழை வருமோ”, “மழை கிழை வரலையே” எல்லாம் இயல்பு. “நேத்து மழை கிழை பெஞ்சுச்சு” என்று செய்தியாகச் சொன்னால் காது ஏற்காது. பெய்தது மழை என்று தெரிந்த பிறகு ‘அது போல ஏதோ’ என்பதற்கு இடமேது? அதனால் இது நிபந்தனை, கேள்வி, மறுப்பு, எச்சரிக்கை, ஊகம் ஆகியவற்றின் சொல். தெஹ்ரான்காரர் ‘கெத்தாப் மெத்தாப் வாங்கினேன்’ என்று நடந்ததற்கும் தாராளமாகச் சொல்வார். அங்கே அதன் பொருள் ‘புத்தகம் முதலிய சாமான்கள்’. இங்கே ‘புத்தகமோ, அது போல எதுவோ’. மொழிபெயர்க்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் பாரசீகத்தின் மகரத்தைக் கண்ட இடமெல்லாம் தமிழ்க் ‘கி’யை வைத்தால் வாக்கியம் நொண்டும். அந்த இடத்தில் ‘புத்தகம், அது இது என்று வாங்கினேன்’ என்பதே சரி.

மரியாதையும் இதில் அடங்கியிருக்கிறது. பொருளின் தனித்தன்மையைக் கரைப்பதால், மதிக்கும் ஒன்றின் மேல் இதை ஏற்றினால் இளக்காரமாகிவிடும். சாமான்களுக்குச் சொல்லலாம். பெரியவர்கள் பெயருக்கும் முறைப்பெயருக்கும் சொல்லக் கூடாது. ‘ஐயா கிய்யா’ என்றால் சண்டைக்குத்தான் கூப்பிடுகிறோம் என்று பொருள்.

இரட்டிப்பு போலவே தோன்றி ஏமாற்றும் சொற்களும் இருக்கின்றன. கொடுக்கல் வாங்கல் இரட்டிப்பு அல்ல, எதிர்ச்சொற்களின் கூட்டு. பாரசீகத்திலும் அப்படியே தாத்-ஒ-செத்தத், கொடுத்ததும் வாங்கியதும். போக்குவரத்துக்கு ரஃப்த்-ஒ-ஆமத், போனதும் வந்ததும். ஆனால் கொஃப்த்-ஒ-கூ, உரையாடல், இரட்டிப்புத்தான், பார்வைக்குத் தெரியாது. பாரசீக வினைக்கு இறந்தகால அடி ஒன்று, நிகழ்கால அடி ஒன்று. சொல்லுதல் வினையின் இரண்டு அடிகள் கொஃப்த், கூ. ஒரே வினை இரண்டு உருவத்தில் தன்னோடு தானே கைகோத்திருக்கிறது. தேடலுக்கு ஜொஸ்த்-ஒ-ஜூ, கழுவுதலுக்கு ஷொஸ்த்-ஒ-ஷூ. தமிழில் இதற்கு நிகரான அச்சு இல்லை. ‘பேச்சுவார்த்தை’ பொருளால் நெருங்குகிறது; அது தமிழும் வடமொழியும் சேர்ந்த ஒருபொருள் இணை. தட்டுமுட்டுச் சாமானுக்கு மட்டும் ஆச்சரியமான ஒற்றுமை: கெர்த்-ஒ-பெர்த். இரண்டிலும் முதல் எழுத்து மாறி எதுகை நிற்கிறது, இரண்டும் வீட்டு மூலையில் கிடக்கும் உதிரிகளையே குறிக்கின்றன.

உங்கள் வீட்டில் புழங்கும் இரட்டிப்புகளைத் தொகுக்க நினைத்தால், “என்னென்ன சொல்வீங்க ஆச்சி?” என்று கேட்காதீர்கள். கேட்டால் பாடப்புத்தகத்துச் சலசலவும் கலகலவும்தான் வரும். பலகாரம் சுடும் நாளில் பக்கத்தில் இருந்து, சொல்லை மட்டும் குறிக்காமல் வாக்கியத்தை முழுதாகக் குறியுங்கள். எந்தப் பலகாரம், எந்தப் பதத்தில், யார் யாரிடம் சொன்னது என்பதும் வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். பாதியைத் தனியாக நிறுத்திப் பாருங்கள், நிற்கிறதா? அருகில் படார், பளீர் போல ஒற்றை வடிவம் உண்டா? ‘க்கிறது’, ‘ப்பு’ ஏறுகிறதா? ‘கி’ வடிவமானால், நேற்று நடந்ததாக மாற்றிச் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள். ஏற்காவிட்டால் அவரே திருத்திச் சொல்வார், அந்தத் திருத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். குறிக்கும்போது காதில் விழுந்தபடி ‘பெஞ்சுச்சு’ என்றே எழுத வேண்டும். ‘பெய்தது’ என்று செம்மையாக்கினால் கிழை, கீட்டுல, கிழுந்து எல்லாம் எந்த வடிவத்தின் மேல் ஏறின என்பது மறைந்துபோகும்.